மூணாறு எங்கே போச்சு? சென்சஸ் பட்டியலில் ஊரும் டவுனும்

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு என் தங்கை மகள் மூணாற்றிலிருந்து போன் செய்தாள். கல்லூரி ப்ராஜெக்ட். தேவிகுளம் தாலுகாவின் ஊர்களைப் பற்றி எழுத வேண்டுமாம். இடுக்கி மாவட்டத்தின் 2011 சென்சஸ் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மாமா, லிஸ்டுல மூணாறே இல்ல."

"நல்லாத் தேடிப் பாரு பாப்பா."

"ரெண்டு மூணு ஸ்பெல்லிங் போட்டுத் தேடிட்டேன். வட்டவடை இருக்கு, மறையூர் இருக்கு, காந்தளூர் இருக்கு. மூணாறு இல்ல. அடிமாலியும் இல்ல. இவ்வளவு பெரிய ஊரை எப்படி விடுவாங்க?"

விடவில்லை. "கண்ணன் தேவன் ஹில்ஸ்னு ஒரு வரி இருக்கா பாரு" என்றேன். இருந்தது. "அதுக்குள்ளதான் மூணாறு. மன்னாங்கண்டம்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள அடிமாலி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது வில்லேஜ் ஆபீஸ் பேருல்ல?" என்றாள்.

முக்கால்வாசி விளக்கம் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. சென்சஸ் பட்டியலை முதல்முறை திறப்பவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்று தெரியும், ஏனென்றால் நானும் அங்கேயே விழுந்தவன்.

நாம் 'ஊர்' என்று சொல்வது பேச்சு வழக்கு. குண்டளையில் இருப்பவர், செண்டுவாரையில் இருப்பவர், எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர் எல்லாருக்கும் அவரவர் எஸ்டேட்தான் ஊர். வெளியூரில் யாராவது கேட்டால் மட்டும் "மூணாறு" என்பார்கள். சென்சஸுக்கு இந்த வழக்கு தெரியாது. அதற்குக் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம், அதாவது நில ஆவணத்தில் எல்லை போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கும் பரப்பு. அந்த எல்லைக்குள் பத்து ஊர் இருந்தாலும் ஒரு வரிதான். ஆளே குடியில்லாவிட்டாலும் ஒரு வரி உண்டு. 2011 கணக்கில் இந்தியா முழுக்க ஏறக்குறைய 6.4 லட்சம் கிராமங்கள். அவற்றில் மக்கள் குடியிருந்தவை ஏறக்குறைய 5.97 லட்சம். மீதி நாற்பதாயிரத்துச் சொச்சம் பெயரும் எல்லையும் மட்டும் உள்ளவை.

இதோடு பஞ்சாயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்வது அடுத்த வழக்கம். எங்கள் பக்கம் ஒரு வேலைக்கு வில்லேஜ் ஆபீஸ், இன்னொரு வேலைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் என்று அலைகிறோமே, அந்த இரண்டும் வேறு வேறு எல்லை. வட்டவடையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டவடை பஞ்சாயத்துக்குள் வட்டவடை என்று ஒரு வருவாய்க் கிராமம், கொட்டாக்கம்பூர் என்று இன்னொரு வருவாய்க் கிராமம். பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் "நம்ம வட்டவடையில இத்தனை பேர்" என்று சொல்லும் எண்ணும், சென்சஸ் பட்டியலில் வட்டவடை என்ற வரியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாது. இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த எல்லை என்று கேட்காமல் எந்த எண்ணையும் எடுக்கக் கூடாது.

கேரளத்தில் இன்னொரு சங்கதி உண்டு. தேனிப் பக்கம் வயலுக்கு நடுவே வீடுகள் கூட்டமாக நிற்கும், அது ஓர் ஊர். அடுத்த ஊருக்குப் போக வயலைத் தாண்ட வேண்டும். கேரளத்தில் அவரவர் தோட்டத்து நடுவில் அவரவர் வீடு. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வருவாய்க் கிராமங்களும் ரொம்பப் பெரியவை. 2011-ல் மாநிலம் முழுக்க 1,018 கிராமங்கள்தான், கிராமப்புற மக்களோ 1.74 கோடிக்கு மேல். வகுத்தால் ஒரு கிராமத்துக்குச் சராசரி 17,000 பேர். இந்திய அளவில் இதே சராசரி 1,400-க்குள். அதனால் "கேரளத்துக் கிராமத்தில் சராசரியாக எத்தனை பள்ளி" என்று உத்தரப்பிரதேசத்தோடு ஒப்பிட்டு யாராவது படம் போட்டால், நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பன்னிரண்டு மடங்கு பெரிய கிராமத்தில் பள்ளி கூடத்தான் இருக்கும்.

டவுன் என்றால் என்ன?

இதில்தான் ருசி. சென்சஸில் டவுன் இரண்டு வகை.

முதல் வகை சட்டப்படி டவுன். அரசு ஓர் இடத்தை மாநகராட்சி, நகராட்சி, கன்டோன்மென்ட் என்று அறிவித்திருந்தால் அது டவுன். ஜனம் குறைவாக இருந்தாலும், ஊரைச் சுற்றி நெல் வயலாகவே இருந்தாலும் டவுன்தான். தமிழ்நாட்டில் பேரூராட்சியும் இந்த வகையில் சேரும். கேரளத்தில் பேரூராட்சி என்ற அடுக்கே கிடையாது. பஞ்சாயத்து, அதை விட்டால் நகராட்சி, மாநகராட்சி.

இந்த ஒரு வித்தியாசம் மலையின் இரண்டு பக்கத்தையும் எப்படி மாற்றிக் காட்டுகிறது பாருங்கள். தேனி மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 12,45,899. அதில் நகர்ப்புறம் ஏறக்குறைய 53.8 சதவீதம். இடுக்கியின் மக்கள்தொகை 11,08,974. நகர்ப்புறம் 4.69 சதவீதம். போடிமெட்டிலோ கம்பம்மெட்டிலோ செக்போஸ்டைத் தாண்டினால் பாதி டவுனாக இருந்த உலகம் ஒரேயடியாகக் கிராமமாக மாறிவிடுகிறதாம். தேனியில் ஆறு நகராட்சிகள், 22 பேரூராட்சிகள். இடுக்கியில் 2011-ல் இருந்த டவுன் ஒன்றே ஒன்று, தொடுபுழா நகராட்சி, 52,045 பேர். 52,045-ஐ 11,08,974-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். அந்த 4.69 வந்துவிடும். மாவட்டத்தின் மொத்த 'நகர்ப்புறமும்' அந்த ஒரே ஊர். மூணாறு, அடிமாலி, கட்டப்பனை, குமுளி எல்லாம் கிராமப்புறக் கணக்கில் போய்விட்டன. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் மூணாறு பஜாரில் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வகை சென்சஸ் டவுன். அரசு நகராட்சியாக அறிவிக்கவில்லை, நிர்வாகம் பஞ்சாயத்துதான், ஆனால் பார்த்தால் டவுன் மாதிரி இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைச் சென்சஸ் தானே டவுன் என்று கணக்கெழுதிக்கொள்ளும். அதற்கு மூன்று நிபந்தனை: குறைந்தது 5,000 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை இருந்தவர்கள்) குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர். மூன்றும் சேர்ந்து வர வேண்டும். எந்தெந்த இடம் தேறும் என்பதைக் கணக்கெடுப்புக்கு முன்பே, முந்தைய சென்சஸ் எண்களை வைத்து முடிவு செய்துவிடுவார்கள்.

சரி, மூணாறு ஏன் இதில் தேறவில்லை? முதல் நிபந்தனையில் பிரச்சினையே இல்லை. இரண்டாவதிலும் இருக்காது என்பது என் கணிப்பு, அதற்கான காரணத்தை அடுத்துச் சொல்கிறேன். மாட்டுவது மூன்றாவதில். கண்ணன் தேவன் மலை நிலங்களைப் பற்றி 1971-ல் கேரளம் கொண்டுவந்த சட்டம் பேசும் பரப்பு ஏறக்குறைய 1,37,000 ஏக்கர். சதுர கிலோமீட்டரில் சுமார் 554. இந்தப் பரப்பில் சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்றால் 2.2 லட்சம் பேர் வேண்டும். மாவட்டத்தின் மொத்த ஜனத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வில்லேஜில் அடைந்தால்தான் அது டவுன். தேயிலைக் காட்டையும் புல்மேட்டையும் பாறையையும் சேர்த்து வகுத்தால் பஜார் எங்கே எட்டும்? பஜாரைச் சுற்றி மட்டும் கோடு போட்டிருந்தால் கதை வேறு. டவுனா கிராமமா என்பதை இங்கே தீர்மானித்தது தேயிலைக் கம்பெனி நாட்களில் விழுந்த எல்லைக் கோடு.

இப்போது இரண்டாவது நிபந்தனை. சென்சஸ் வேலையை நான்காகப் பிரிக்கும்: சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதர வேலை. என் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அவர் எந்தப் பெட்டியில் வருவார் என்று நினைக்கிறீர்கள்? நானும் விவசாயக் கூலி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சென்சஸின் விளக்கத்தில் தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகிய தோட்டப் பயிர்கள் சாகுபடியில் சேராது. தோட்டத் தொழிலாளி 'இதர வேலை'யில் போகிறார். ஆசிரியர், பேங்க் ஊழியர், டிரைவர், ஃபேக்டரித் தொழிலாளி இருக்கும் அதே பெட்டியில். காய்கறி போடுவது மட்டும் சாகுபடிதான். ஆகவே வட்டவடையில் கேரட்டும் பூண்டும் போடும் எங்கள் பெரியப்பா மகன் சாகுபடியாளர். நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட்டில் மருந்தடிக்கும் அவர் தம்பி, கணக்குப்படி விவசாயமே செய்யாதவர். கோப்பில் தேவிகுளத்து எஸ்டேட் வில்லேஜ்களில் 'இதர வேலை' எக்கச்சக்கமாக இருப்பதைப் பார்த்து "அடேயப்பா, எல்லாரும் ஐடி கம்பெனியா?" என்று யாரும் மலைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 75 சதவீதக் கணக்கில் ஆண்கள் மட்டும்தான். கொழுந்து எடுப்பதில் பெரும்பாலும் பெண்கள் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ஓர் இடம் டவுனா என்று பார்க்கும்போது அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. இதை எந்தக் காரணத்தால் நியாயப்படுத்தினாலும் எனக்கு ஒப்பவில்லை.

ரப்பரும் தென்னையும் விவசாயத்தில் சேராது என்ற இந்த விதிக்குக் கேரளத்தின் கீழ்நாட்டில் பெரிய விளைவு இருந்திருக்க வேண்டும். அங்கே நெருக்கத்துக்குப் பஞ்சமில்லை, 5,000 ஜனத்துக்கும் பஞ்சமில்லை. 2001-ல் மாநிலத்தில் சென்சஸ் டவுன் 99. 2011-ல் 461. அதே பத்து ஆண்டில் கிராமங்கள் 1,364-லிருந்து 1,018 ஆகின. நகர்ப்புற சதவீதம் 26-லிருந்து 47.7-க்குத் தாவியது. "கேரளத்தில் பாதிப்பேர் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்" என்று இதைப் படித்துவிட்டுச் சொன்னவர்கள் உண்டு. யாரும் பெரிதாக எங்கும் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே அவர்கள் ஊர் வேறு பெட்டிக்கு மாறியது. வீட்டு வரியைப் பஞ்சாயத்திலேயே கட்டினார்கள், நூறு நாள் வேலையும் பஞ்சாயத்து வழியாகவே நடந்தது.

கோப்பைத் திறந்த பிறகு

மாவட்ட அளவில் இந்த விவரமெல்லாம் வருவது மாவட்ட சென்சஸ் கையேட்டில். 1951 முதல் வெளிவருகிறது. அதில் இரண்டு பாகம் முக்கியம். ஒன்று, ஒவ்வோர் ஊரிலும் என்ன வசதி இருக்கிறது என்று சொல்லும் ஊர்-நகர விவரத் தொகுப்பு. மற்றொன்று ஆள் கணக்கு. ஆள் கணக்கை எக்செல் கோப்பாகவும் போடுகிறார்கள். புதியவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.

திறந்ததும் கண்ணில் படும் குறியீட்டு எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2011-ல் கேரளம் 32, தமிழ்நாடு 33. இடுக்கி 596, தேனி 624. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் ஒன்று. ஊர்ப் பெயரை நம்புவதைவிட இந்த எண்ணை நம்பலாம். மலையாளப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தமிழில் நாம் படிக்கிற கூத்தில் பெயர் மூன்று விதமாக மாறும், எண் மாறாது.

இனி நான் விழுந்த குழி. கோப்பில் 'லெவல்' என்று ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, இருக்கும். அதில் மாவட்டம், தாலுகா, கிராமம், டவுன், வார்டு என்று வரும். பக்கத்தில் இன்னொரு பத்தியில் மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம். அதாவது முதல் மூன்று வரி மாவட்டத்தின் மொத்தம், அதன் கிராமப்புறம், அதன் நகர்ப்புறம். அப்புறம் ஒவ்வொரு தாலுகாவுக்கும் அதே மூன்று வரி. அப்புறம்தான் கிராமங்கள். பழக்கமில்லாத நாளில் நான் மக்கள்தொகைப் பத்தியை முழுசாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டல் போட்டேன். இடுக்கியில் ஏறக்குறைய 56 லட்சம் பேர் வந்தது. மாவட்ட வரிகளால் இரண்டு மடங்கு, தாலுகா வரிகளால் இன்னும் இரண்டு மடங்கு, கிராமமும் டவுனும் ஒரு மடங்கு, அதற்கு மேல் தொடுபுழாவின் வார்டுகள் தனியாக. கோப்பை முதலாளிக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். நல்ல வேளை, அவர் திறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். முதல் வேலையாக 'லெவல்' பத்தியில் வடிகட்டி (ஃபில்டர்) போட்டு, கிராமம் வேண்டுமென்றால் கிராமத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திகளின் பெயர்கள் பெரும்பாலும் சொன்னாலே புரிபவை. குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிந்தோர், தொழிலாளர். குடும்பம் என்றால் உறவு கணக்கில்லை, அடுப்புதான் கணக்கு. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உலை வைத்தால் இரண்டு குடும்பம். எழுத்தறிவு சதவீதம் போடும்போது ஆறு வயது வரையுள்ளவர்களைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். கழிக்காமல் வகுத்துவிட்டு "எங்க ஊர் இவ்வளவு மோசமா?" என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை இருந்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைவென்றால் தனிப் பத்தி.

என் தங்கை மகள் தேடிய இன்னொரு பத்தி அதில் கிடையாது: தமிழ் பேசுவோர் எத்தனை. தாய்மொழிக் கணக்கு வேறு அட்டவணையில் வருகிறது, ஊர்வாரியான இந்தக் கோப்பில் மொழியே இல்லை. எங்கள் மலைக்கு அந்தக் கணக்கு சும்மா கணக்கு அல்ல. 1956 மாநிலச் சீரமைப்பை ஒட்டி தேவிகுளமும் பீர்மேடும் யார் பக்கம் என்ற வாதத்தில் தாலுகாவின் தமிழர் எண்ணிக்கை பெரிய ஆயுதமாக இருந்தது. தோட்ட வேலைக்கு வந்துபோகும் ஜனம் அதில் எத்தனை பேர் என்ற எதிர்வாதமும் கூடவே இருந்தது. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

வந்துபோகும் ஜனம் என்றதும் இன்னொரு கேள்வி வரும். ஓர் ஆளை எந்த ஊரில் எண்ணுவார்கள்? சொந்த ஊரிலா, ரேஷன் கார்டு இருக்கும் ஊரிலா? இரண்டும் இல்லை. 2011-ல் வீடுவீடாக வந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. வீடில்லாதவர்களை 28-ம் தேதி இரவு எண்ணினார்கள். கணக்கின் நேரம் மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணி. அந்த நாட்களில் எங்கே குடியிருந்தீர்களோ அங்கேதான் எண்ணப்படுவீர்கள். போடியில் விடுதியில் தங்கிப் படித்த எஸ்டேட் பிள்ளை போடியில். ரிட்டயர் ஆனதும் கம்பெனி லயத்தைக் காலி செய்து கீழே இறங்கிய என் அம்மாவும் போடியில். மலையில் உழைத்த காலமெல்லாம் இடுக்கி, ஓய்வு தேனி.

2001-ல் 11,29,221 ஆக இருந்த இடுக்கி மாவட்டம் 2011-ல் இருபதாயிரத்துச் சொச்சம் குறைந்தது. கேரளத்தில் அந்தப் பத்தாண்டில் ஜனம் குறைந்த மாவட்டங்கள் இரண்டுதான், மற்றது பத்தனம்திட்டை. என் அம்மாவைப் போல இறங்கியவர்கள் அந்தக் குறைவில் எவ்வளவு பங்கு என்று இந்தக் கோப்பு சொல்லாது. ஆள் எங்கே போனார் என்று அது கேட்பதில்லை, இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும்.

வசதிப் பாகத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஊரில் பள்ளியோ ஆஸ்பத்திரியோ இல்லையென்றால், அருகில் இருப்பது எவ்வளவு தூரம் என்பதை ஏ, பி, சி என்று எழுத்தில் குறிப்பார்கள். ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள், பி 5 முதல் 10 வரை, சி 10-க்கு மேல். சமவெளிக்கு இது போதும். மலையில் சி என்ற எழுத்துக்குள் பதினொரு கிலோமீட்டர் தார் ரோடும் இருக்கும், நாற்பத்தைந்து கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவும் இருக்கும். பிரசவ வலியோடு ஜீப்பில் போனவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல.

தங்கை மகள் இப்போது தன் ப்ராஜெக்டில் தேவிகுளம் தாலுகா வில்லேஜ்களை ஒரு பக்கமும், ஒவ்வொன்றுக்குள்ளும் மக்கள் புழங்கும் ஊர்ப் பெயர்களை மறுபக்கமும் எழுதி அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறாள். எஸ்டேட் பெயர்களுக்கு என் அம்மாவைத்தான் கேட்கிறாள். நேற்று இன்னொரு சந்தேகம்: "அடுத்த சென்சஸ்ல இடுக்கியோட அந்த நாலரை சதவீதம் அப்படியேதான் இருக்குமா மாமா?" அடுத்த கணக்கின் நேரம் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டப்பனை 2015-ல் நகராட்சி ஆகிவிட்டது. அதனால் பட்டியலில் தொடுபுழாவுக்குத் துணையாக இரண்டாவது டவுன் வரும், சதவீதமும் ஏறும். ஏறினதும் "இடுக்கியில் வேகமாக நகரமயம்" என்று எங்காவது தலைப்புப் போடுவார்கள் என்றேன். "அப்ப மூணாறு?" என்றாள்.

"கண்ணன் தேவன் ஹில்ஸ்னு தேடு."